பைய பாத்துக்கிடுவோம்

என் அண்ணன் தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனால், ரத வீதி ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் சண்டைக்காரர் இல்லை. விலை குறைத்துக் கேட்கிறவரும் இல்லை. அமைதியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நிற்பார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. கடைக்குள் கூட்டம் வரும், வாங்கும், போகும். அண்ணன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு இரண்டையும் பதமாக மடித்து வைத்துவிட்டு, "பைய பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி. நாளைக்கு வாரேன்" என்று எழுந்துவிடுவார்.

தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா என்னை அனுப்புவாள். நான் கண்ணில் முதலில் பட்டதை வாங்கி வருவேன். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, கோபமே இல்லாத குரலில், "காலர் கொஞ்சம் பெருசு, என்னட்டி?" என்பார். அவ்வளவுதான் சொல்வார். ஆனால் அந்த வருசம் முழுக்க, அந்தச் சட்டையைப் போடும்போதெல்லாம் ஒரு விரலைக் காலருக்குள் விட்டுப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. படித்தவர், அரசாங்க உத்தியோகம், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. திருநீறு கூட நெற்றியில் அளந்து வைத்தது போலத்தான் இருக்கும். யார் வீட்டில் எந்தச் சிக்கல் என்றாலும் சாயங்காலம் அவரைத் தேடி வருவார்கள். அண்ணன் முழுதும் கேட்பார். இடையில் குறுக்கிட மாட்டார். கேட்டு முடித்ததும், "இப்பிடிச் செஞ்சா இன்னது நல்லது, இன்னது கெட்டது. அப்பிடிச் செஞ்சா இன்னது நல்லது, இன்னது கெட்டது" என்று வந்தவருக்கே தோன்றாத கோணமெல்லாம் எடுத்து வைப்பார். வந்தவர் மலைத்துப்போவார். "அப்ப என்ன செய்யலாம்னு சொல்லுதிய?" என்று கேட்டால், அண்ணன் சிரித்துக்கொண்டு, "அது நீங்கல்லா முடிவு பண்ணணும்" என்பார்.

எதிர் வீட்டில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போகலாமா என்று அண்ணனிடம் வந்து ஒரு மாலை முழுக்கப் பேசினார். போனார். மருமகளோடு ஒத்துப்போகாமல் கொஞ்ச காலத்திலேயே பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார். அண்ணன் அவரைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, வயசான காலத்துல ஊர் மாறுனா கஷ்டம்னு" என்றார். சொல்லியிருந்தார், பொய்யில்லை. போனால் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் அங்கே நன்றாக இருந்திருந்தால் அந்தப் பாதி ஞாபகம் வந்திருக்கும். இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் அண்ணன் சொன்னது பலித்துவிடும். தெரு அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. கோப்பு மேசைக்கு வந்தால், ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவார். எழுத்தர் வந்து பேசுவார். அண்ணன் இரண்டு சந்தேகம் கேட்பார். கோப்பு மறுபடி கீழே போய், சந்தேகம் தீர்ந்து மேலே வரும். மறுபடியும் 'பேசவும்.' அவரோடு வேலை பார்த்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இதைப் பெருமையாகத்தான் சொன்னார். "ஒங்க அண்ணாச்சி மேல ஒரு புகார் கிடையாது தாயி. ஒரு மெமோ கிடையாது. எத்தனையோ பேரு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டு நிக்கான்."

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி மட்டும் அடுக்களையில் இருந்து, "கையெழுத்தே போடலேன்னா எப்பிடி மாட்டும்?" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

மதினி கல்லிடைக்குறிச்சிப் பெண். வாய் நிறையச் சிரிப்பும் கை நிறைய வேலையுமாக வந்தவள். ஒரு சித்திரை மாதம் நாங்கள் மூன்று பேரும் பாபநாசம் அருவிக்குக் குளிக்கப் போவதாக ஏற்பாடு. ஜங்ஷன் பஸ் நிலையத்தில் முதல் பஸ் வந்தது. கூட்டம். "அடுத்ததுல போவோம்" என்றார் அண்ணன். அடுத்ததில் உட்கார இடமில்லை. அதற்கு அடுத்தது ஊர் ஊராக நின்று போகிற பஸ். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலாவது பஸ்சில் ஏறிவிட்டாள். அண்ணன் கீழே நின்று, பின்னால் இன்னொரு பஸ் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அருவியில் குளித்த குளியல் மாதிரி அதற்கப்புறம் ஒன்று வாய்க்கவில்லை. தலை துவட்டி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் தின்றுவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினால், அண்ணன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "கூட்டம் குறையும்னு பாத்தேன். பொறவு வெயில் ஏறிட்டு. வந்துட்டேன்" என்றார். கோபமில்லை. எங்களோடு வராமல் போனதில் வருத்தமும் இல்லை. நெரிசலில் சிக்கிச் செருப்பு அறுந்துபோன ஒருவரைப் பார்த்த கதையை எங்களுக்குச் சொன்னார்.

ஏன் இப்படி ஆனார் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா நேர் எதிர். நின்ற இடத்தில் முடிவெடுப்பார். வயலை ஒரே நாளில் விலை பேசி விற்று, ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அரிசி ஆலை வைத்தார். ஆலை முழுகிப்போயிற்று. அப்பா இறந்த பிறகும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், "எல்லாம் ஒங்க அப்பா எடுத்த முடிவு" என்பார்கள். அண்ணன் அதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவர். அது காரணமாக இருக்கலாம். நானும் அதே வீட்டில், அதே பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு முறை பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். வாசலில் ஒரு ஆள் காத்துக்கொண்டு நிற்பான்.

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து போன மறுவருசம் ஆழ்வார்குறிச்சியில் இருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் நேராக என்னைப் பார்த்து, "நாள் பூரா ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருக்கது பயமா இல்லியா?" என்று கேட்டார்.

"அடுத்தவங்க ரத்தம்தானே" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருடைய அம்மாவும் சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்படிச் சிரிக்கிற ஆள்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் போனதும் அம்மா என்னைக் கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நல்ல இடம்தான். பைய பாத்துக்கிடுவோம்" என்றார்.

அதன் பிறகு விசாரணை தொடங்கியது. அண்ணன் ஆழ்வார்குறிச்சிக்குப் போய் வந்தார். நல்ல குடும்பம் என்று நாலு பேர் சொன்னார்களாம். ஒருத்தர் மட்டும், பையனுக்கு முன்கோபம் என்றாராம். அந்த ஒருத்தர் யார் என்று விசாரிக்க மறுபடி ஒரு தடவை போனார். அந்த ஒருத்தருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வாய்க்கால் தகராறு என்று தெரிந்தது. "அப்ப அந்தப் பேச்சைத் தள்ளிரலாம்லா?" என்றாள் மதினி. "தகராறு இருக்குன்னா அதுலயும் ஏதோ விஷயம் இருக்கும்லா?" என்றார் அண்ணன். ஒரே பையன், அம்மா கூடவே இருப்பாள், அது ஒரு யோசனை. வீடு கடனா நதிக்குப் பக்கம், போன வருசம் வாசல் வரைக்கும் தண்ணீர் வந்ததாம், அது ஒரு யோசனை. இதற்குள் தூத்துக்குடியில் இருந்து துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு வரனின் ஜாதகம் வந்து சேர்ந்தது. அண்ணன் கையில் இப்போது இரண்டு.

மாப்பிள்ளையின் மாமா பதில் கேட்டு எங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, மழை, விளைச்சல் எல்லாம் பேசி, தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வருவார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த மாமாவே திரும்பிப் போகும்போது, "தங்கமான மனுசர்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

ஒருநாள் அந்த வாத்தியார் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்துவிட்டார். வாசலில் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தப்பா நினைக்காதிய. ஒங்க அண்ணாச்சி வேண்டாம்னு சொன்னாக்கூட நான் போயிருவேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காவ. ஒங்களுக்கு இஷ்டமா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"எனக்குச் சம்மதம்" என்றேன்.

முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "எங்க அம்மா மூத்தவிய வாயால கேக்கணுங்கா. அவிய ஒரு வார்த்த சொன்னாப் போதும். தையில வச்சுக்கிடலாம்."

அன்று சாயங்காலம் அண்ணன் முன்னால் போய் நின்றேன். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை தன் கல்யாணத்தைப் பற்றித் தானே பேசுவது வழக்கமில்லை. பேசினேன். "அண்ணே, எனக்கு ஆழ்வார்குறிச்சி இடம் பிடிச்சிருக்கு. சரின்னு சொல்லிருங்க."

அண்ணன் என்னைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவு இப்போதும் கண்முன் நிற்கிறது. "பிடிச்சிருக்குன்னு இன்னைக்குச் சொல்லுத தாயி. நாளைக்கு அங்கன போயி ஒரு கஷ்டம்னா, ஏண்ணே அன்னைக்குச் சரின்னு சொன்னீங்கன்னு நீதான கேப்ப?"

"கேக்க மாட்டேன்."

"இப்ப அப்பிடித்தான் சொல்லுவ" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஆழ்வார்குறிச்சியில் இருந்து ஆள் வந்தது. பையனுக்குக் கடையத்தில் பெண் நிச்சயமாகிவிட்டதாம். கோபப்படக்கூடாது, எவ்வளவு நாள்தான் பொறுப்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். முதுகில் இருந்து மூட்டையை இறக்கிவைத்த கூலிக்காரன் முகம் மாதிரி இருந்தது. நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய், தோள் தளர்ந்து, மாதக்கணக்கில் காணாத ஒரு நிம்மதி. "நமக்குக் கொடுப்பினை இல்ல" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளுக்கு இலை போடச் சொன்னார். தானும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கை கெட்டுப்போய்விடுமோ என்று அவர் பயப்படவில்லை. அது தன் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லால் கெட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். தானாகக் கெட்டால் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. தூத்துக்குடி வரனும் அந்தத் தையிலேயே கைநழுவிப் போயிற்று. பிறகும் வரன்கள் வந்தன. எப்போதும் கையில் இரண்டு இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார். எனக்கு வயது ஏற ஏற வரன்களின் வயதும் ஏறியது, பிறகு நின்றுவிட்டது.

அதற்குச் சில வருசம் கழித்து அம்மாவுக்கு ஒருநாள் விடியற்காலையில் வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே ஆபரேசன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, வயதும் ஆகியிருந்தது. ஆபத்து இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. "செஞ்சா பிழைக்க வழி இருக்கு. செய்யலேன்னா வழி இல்ல" என்று சுருக்கமாகச் சொல்லி, சம்மதப் படிவத்தை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் படிவத்தை வரி வரியாகப் படித்தார். "டாக்டர், ஆபரேசன்லயே ஏதும் ஆயிட்டுன்னா?"

"ஆகலாம். அதத்தான் சொன்னேன்."

"மருந்துல ஒரு பொழுது பாத்தா?"

"பாக்கதுக்கு நேரம் இல்ல சார்."

"ஒரு பொழுது பாப்போமே" என்றார் அண்ணன்.

நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று படிவத்தைக் கேட்டேன். மகன் நிற்கும்போது மகளிடம் வாங்க அந்த ஆஸ்பத்திரியில் தயங்கினார்கள். அண்ணனும் கொடுக்கவில்லை. "பதறாத. அவசரத்துல செய்யக் கூடிய காரியமா இது?" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெரிந்த டாக்டர் ஒருவரைத் தேடி ஜங்ஷனுக்குப் போனார். அவரும் செய்யச் சொன்னார். இன்னொருவரைப் பார்த்தார். அவர், நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. வந்து எங்களிடம் அதைத்தான் இரண்டு தடவை சொன்னார். மதினி வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைய நெனச்சுப் பாருங்க, கையெழுத்தப் போடுங்க" என்று அழுதாள். அவர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். அம்மா கட்டிலில் கிடந்து, "என்னல சொல்லுதாவ?" என்று அவரைக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

மறுநாள் மாலை அம்மா போய்விட்டாள்.

அண்ணன் அழுத அழுகையைப் பார்த்துத் தெருவே அழுதது. நடிப்பில்லை, அவருக்கு அம்மா என்றால் உயிர். துக்கத்துக்கு வந்தவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். "ஆபரேசன் பண்ணணும்னு நின்னாவ. நான்தான் விடல. ஒடம்புல கத்தி படாம முழுசாப் போயிட்டா." வந்தவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். பெரியவர் ஒருத்தர் அவர் தோளில் தட்டிக்கொடுத்து, "நிதானமா இருந்த பாரு, அதான் பெரிசு. அறுத்துப் போட்டு அதுக்கப்புறம் போயிருந்தா மனசு ஆறுமா?" என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மனசு ஆறியது என்றுதான் நினைக்கிறேன். அவர் கை எதையும் செய்யவில்லை. நடந்தது தானாக நடந்தது. இந்த வித்தியாசத்துக்குள் ஒரு மனிதர் இவ்வளவு சௌகரியமாக வாழ முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். மதினி கரியைத் தேய்த்தபடியே சொன்னாள்: "ஏட்டி, ஒங்க அண்ணன் குடிச்சுட்டு வந்து அடிக்கிற ஆளா இருந்தா எனக்குச் சொல்லி அழ ஒரு இடம் இருக்கும். இவியளப் பத்தி நான் யாருகிட்டப் போயி என்ன சொல்ல?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கூரை ஒழுகினால் கொத்தனாரை அவளே கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் முடித்த ஒரே மகனைச் சென்னையில் சேர்த்துப் படிக்கவைக்க அவளே நகையை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் தடுக்கவில்லை. கொத்தனார் போன பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்து, "பூச்சு கொஞ்சம் கனம் போல" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்குக் காலில் செருப்புக் கடித்து ஒரு புண் வந்தது. அவருக்கும் சர்க்கரை. சுண்டுவிரல் ஓரத்தில் சின்னதாக இருந்தபோதே நான் டாக்டரிடம் போகச் சொன்னேன். பைய ஆறிரும் என்றார். மஞ்சள் வைத்தார். ஒரு களிம்பு வாங்கினார், இன்னொரு களிம்பும் வாங்கினார், இரண்டில் எது நல்லது என்று தெரியாமல் இரண்டையும் அலமாரியில் வைத்தார். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் ரத்தத்தை நானே எடுத்து, எங்கள் கூடத்துக்குக் கொண்டுபோய் நானே பார்த்தேன். சீழையும் பார்த்தோம். கருமை விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறியிருந்தது. பாதத்தில் பாதியை எடுத்துவிட வேண்டும், விட்டால் முழங்காலுக்குப் போகும், அதற்கும் விட்டால் உயிருக்கு, என்றார் டாக்டர்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, இரண்டு பக்கமும் அவர் உடம்பிலேயே இருந்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லுட்டி. ஒனக்குத்தான இந்த லேப் விவரமெல்லாம் தெரியும். என்ன செய்ய?"

பைய பாத்துக்கிடுவோம்ணே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. ஆழ்வார்குறிச்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், அம்மா கட்டிலில் இருந்து கேட்டதும் அந்த ஒரு நொடியில் என் முன்னால் நின்றன. மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலும் அதுதான் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

"எடுத்துருங்கண்ணே" என்றேன்.

"நீதான் சொல்லுத, என்னா?"

"ஆமா. நான்தான் சொல்லுதேன்."

"டாக்டர், தங்கச்சி எடுக்கச் சொல்லுதா" என்று அவரிடம் திரும்பிச் சொன்னார். நர்சிடமும் சொன்னார். மறுபடி என்னிடம் கேட்டார். நான் மறுபடி சொன்னேன். அதன் பிறகுதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். யோசனை கேட்பது போலத்தான் கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஆள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறியது. அண்ணன் பிழைத்தார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முன்பக்கம் பஞ்சு அடைத்த செருப்பைப் போட்டு, கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடினார். விசாரிக்க வந்தவர்களிடம் மென்மையாக விவரம் சொன்னார். "நான் பாத்துக்கிடலாம்னுதான் இருந்தேன். இவதான் எடுக்கணும்னு நின்னா. சங்கரன்கோயில் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காராம், இத விட மோசமான புண்ணையெல்லாம் பச்சிலைப் பத்துப் போட்டே ஆத்திருக்காராம். நமக்கு அப்பம் தெரியல." வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் காபித் தம்ளரை அவர்கள் கையில் கொடுப்பேன். ஒரு தடவை மதினிதான் பொறுக்காமல், "அவ சொல்லலேன்னா இன்னைக்கு இங்கன உக்காந்து இதச் சொல்ல நீங்க இருப்பியளா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணனுக்கு ஆச்சரியம். "நான் கொற சொல்லலியே. நடந்ததச் சொல்லுதேன்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். ஒருநாள் மத்தியானம் முக்கூடலில் இருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் வந்தார். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் சொந்தமாக மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான், நிரந்தர உத்தியோகம் இல்லையே என்று யோசனை. அண்ணன் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தொடங்கினார். சொந்தத் தொழிலில் இன்னது நல்லது, இன்னது கெட்டது. நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

முக்கூடல்காரர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்லுதிய?" என்றார்.

அண்ணன் சிரித்தார். "அவகிட்டக் கேக்காதிய வே. அவ பட்டுனு வெட்டிருவா."

முக்கூடல்காரர் அண்ணனின் காலைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

அவர் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினார். இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம் என்பதுதான் முடிவு. எனக்கு அடுக்களையில் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்து அவர் தோள்பையைத் தடவினார்.

"ஒங்க மகளுக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குன்னுதான் அவ அம்மைகிட்டச் சொல்லியிருக்கா."

"குடிப் பழக்கம், வேற ஏதும் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்ல பையன்."

"அப்ப முடிச்சுருங்க. இன்னைக்கே போயிச் சரின்னு சொல்லிருங்க. விசாரிச்சுக்கிட்டே இருந்தா விசாரணைதான் மிஞ்சும்."

அவர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர். என் மனசு நோகக்கூடாது என்று சொற்களைத் தேடினார்.

"அண்ணாச்சி நிதானமா யோசிச்சுல்லா சொல்லுதாவ" என்றார். "நீங்க தப்பா எடுத்துக்கிடாதிய, தாயி. நீங்க கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டிய. ஒங்களுக்கு இதுல உள்ள கஷ்டம் தெரியாதுல்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டமாக இருந்தது. அவர் ஏறாமல், அடுத்ததில் போகிறேன் என்று எனக்குக் கை காட்டினார்.